எத்தனை வருடம் உழைக்கும்? தோட்டத்து வீடுகளுக்கான மடிக்கணினிக் கணக்கு

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடிவு வந்து, பிள்ளைக்கு மெட்ரிகுலேஷனிலோ போலிடெக்னிக்கிலோ இடம் கிடைத்தாயிற்று என்றால், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்ட வீடுகளில் அடுத்து எழும் கேள்வி “எந்த லேப்டாப் வாங்கலாம்?” என்பதுதான். லேசான கேள்வியல்ல அது. 2025-ல் மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) ஆனது. கடையில் புதிதாகக் கிடைக்கும் சாதாரண மடிக்கணினியின் விலையும் ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கிறது. செம்பனைக் குலை வெட்டும் ஒருவரின் ஒரு மாத உழைப்பு முழுவதும் அந்த ஒரு பொருளுக்குப் போகிறது. இரண்டு வருடத்தில் அது முடங்கிப்போனால், மறுபடியும் ஒரு மாதச் சம்பளத்தை எடுத்து வைக்க எல்லாராலும் முடியாது.

கடைக்குப் போனால் நாம் விலையைக் கேட்கிறோம், பிராண்டைக் கேட்கிறோம், திரை எவ்வளவு பெரிது என்று பார்க்கிறோம். இவற்றுக்கெல்லாம் முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. இந்தக் கணினியின் இயங்குதளத்துக்கு (விண்டோஸ் போன்ற அடிப்படை மென்பொருளுக்கு) இன்னும் எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் வரும்? கெட்டுப்போனால் நம் பக்கத்தில் யார் சரிசெய்து தருவார்? நீண்டகால மதிப்பு என்பது பெரும்பாலும் இந்த இரண்டு பதில்களில்தான் இருக்கிறது. விண்டோஸா, மெக்கா, குரோம்புக்கா, லினக்ஸா என்ற விவாதம் அப்புறம் வருவது.

அப்டேட் நின்றுபோனால்

2015-ல் வெளிவந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை முடித்துக்கொண்டது. மறுநாள் எந்தக் கணினியும் அணைந்துவிடவில்லை. அதனால்தான் பலருக்கு இது நடந்ததே தெரியாது. ஆனால் அந்தத் தேதிக்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைக்கப்படுவதில்லை. அந்தக் கணினியில்தான் அப்பாவின் கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) கணக்கைத் திறக்கிறோம், அம்மாவின் வங்கிக் கணக்கைத் திறக்கிறோம், பிள்ளையின் பி.டி.பி.டி.என். கடன் விண்ணப்பத்தை நிரப்புகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

அடுத்து உலாவியும் கைவிடும். விண்டோஸ் 7-க்கு ஆதரவு 2020 ஜனவரியில் நின்றது. 2023-ன் தொடக்கத்தில் கூகிள் குரோமும் அதற்குப் புதிய பதிப்பு தருவதை நிறுத்தியது. அதன் பிறகு இணையதளங்கள் ஒவ்வொன்றாகத் தகராறு செய்யும். கணினி கெட்டுப்போகாமலேயே பயனற்றதாகிவிடும்.

விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்து அமைப்புகளைச் சேமித்து வைத்தால் இதற்குக் காசு கிடையாது. அது கொஞ்சம் அவகாசம், அவ்வளவுதான். அதைக் காட்டி ஒருவர் உங்களிடம் பழைய கணினியை விற்க வந்தால் வாங்காதீர்கள்.

பழைய கணினியிலேயே விண்டோஸ் 11 போட்டுக்கொள்ளலாமே என்றால், இங்கேதான் சிக்கல். 2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைக்குப் பிந்தைய செயலியையும் (பிராசஸரையும்) கேட்கிறது. இன்டெல் என்றால், மிகச் சில விதிவிலக்குகள் தவிர, எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். ஏழாம் தலைமுறைக் கணினி எவ்வளவு வேகமாக ஓடினாலும் அதற்கு முறையான வழி இல்லை. குறுக்கு வழியில் போட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள். அப்படிப் போட்டதற்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உறுதியும் தருவதில்லை.

இதனால் நடந்தது என்ன? அலுவலகங்களும் நிறுவனங்களும் தங்கள் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளைக் கழித்துக்கட்டின. அவை துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, “ரீஃபர்பிஷ்ட்” என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. ஐநூறு, அறுநூறு வெள்ளிக்கு ஐ5 செயலி, 8 ஜிபி ரேம் (நினைவகம்), எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பகம்) என்று கேட்டால் மனம் அலைபாயத்தான் செய்யும். செகண்ட் ஹேண்ட் மோட்டார் வாங்கும்போது கிரானை (வண்டியின் பதிவு அட்டையை) வாங்கி எந்த வருடத்து வண்டி என்று பார்க்காமல் யாரும் பணம் கொடுப்பதில்லை. மடிக்கணினிக்கு அந்தக் கிரான் செயலியின் எண்தான்.

அதைப் படிப்பது எளிது. ஐ5-7200யு, ஐ5-8250யு, ஐ5-10210யு, ஐ5-1135ஜி7 என்று எழுதியிருக்கும். கோட்டுக்குப் பின்னால் வரும் முதல் எண் 6, 7, 8, 9 என்று இருந்தால் அதுவே தலைமுறை. 1-ல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கத்தையும் சேர்த்துப் படியுங்கள்: 10210 என்றால் பத்தாம் தலைமுறை, 1135 என்றால் பதினொன்றாம் தலைமுறை. அப்படியானால் 7200 வேண்டாம்; 8250 தேறும்; இன்னும் பல வருடம் வைத்திருக்க வேண்டும் என்றால் பத்தோ பதினொன்றோ நல்லது. ஏஎம்டி ரைசன் என்றால் 4000 வரிசையோ அதற்கு மேலோ இருந்தால் கவலையில்லை. கடையில் “ஐ5தான், நல்ல கணினிதான்” என்று மட்டும் சொன்னால் போதாது. முழு எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். ஐ5 என்ற பெயர் பதினைந்து வருடத்துக்கும் மேலாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது வயதைச் சொல்லாது.

புதுசு என்றாலே நல்லதா?

மலிவான புது விண்டோஸ் கணினிகளில் இன்னொரு வகைச் சிக்கல். 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் உள்ளவை விண்டோஸ் 11 கேட்கும் அடிப்படைத் தகுதியை ஒட்டிக்கொண்டு தேறிவிடும். பெட்டியில் விண்டோஸ் 11 என்று போட்டிருக்கும், பொய்யும் இல்லை. ஆனால் இயங்குதளமே அந்த இடத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். அடுத்த பெரிய அப்டேட் வரும்போது இறக்க இடமிருக்காது. ரேமும் சேமிப்பும் தாய்ப்பலகையோடு (மதர்போர்டு) ஒட்டியவை என்பதால் பின்னால் கூட்டவும் முடியாது. வாங்கிய அன்றே வயதாகிப்போன கணினி இது. புதுசு என்ற ஒரே காரணத்துக்காக இதை வாங்குவதை விட, பத்தாம் தலைமுறைப் பழைய கணினி எவ்வளவோ மேல்.

என் கணிப்பில், இந்த வட்டாரத்தில் மேல்படிப்புக்குப் போகும் பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பொருத்தமானது நிறுவனங்களுக்கென்று தயாரிக்கப்பட்ட பழைய விண்டோஸ் மடிக்கணினிதான். லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், ஹெச்பி எலைட்புக் போன்றவை. பார்க்க அழகாக இருக்காது, கனமாகவும் இருக்கும். ஆனால் பல மாடல்களில் அடிப்பக்கத்துத் திருகுகளைக் கழற்றினால் பேட்டரி, எஸ்எஸ்டி, விசைப்பலகை, விசிறி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். உதிரிப் பாகங்கள் ஈப்போவில் கிடைக்கும், இல்லையென்றால் இணையத்தில் வாங்கிக்கொள்ளலாம். டவுனில் கணினிக் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கே அதைத் திறந்து பார்க்கத் தெரியும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான் என்றாலும், வேலை நாளில் ஒருவர் லீவு போட்டு இரண்டு முறை போய்வருவதும் ஒரு செலவுதானே.

ஒரு எச்சரிக்கை. புதிய மாடல்களில், திங்க்பேட் உட்பட, ரேமைப் பலகையோடு ஒட்டிவிடும் வழக்கம் பரவிவிட்டது. அதனால் ரேம் கூட்ட முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். முடியாது என்றால் முதலிலேயே 16 ஜிபி உள்ளதை வாங்குவது நல்லது. 2025-ன் இறுதியிலிருந்து உலகம் முழுக்க ரேம் விலை ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போவதே காரணம். “இப்போதைக்கு 8 போதும், பிறகு கூட்டிக்கொள்ளலாம்” என்ற பழைய யோசனை முன்போல மலிவாக முடியாது.

விண்டோஸ் அசலா என்றும் பாருங்கள். அமைப்புகளில் ஆக்டிவேஷன் பக்கம் போனால் தெரிந்துவிடும். நிறுவனக் கணினிகளில் உரிமம் பெரும்பாலும் கணினியோடே வரும். விண்டோஸுக்கும் ஆஃபிஸுக்கும் கள்ளத்தனமாக உயிர் கொடுக்கும் நிரல்களோடு வைரஸும் சேர்ந்து வரும் என்பதை மறக்க வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வியமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவின் கணக்கு வழியாகவே கூகிள், மைக்ரோசாஃப்ட் கருவிகள் கிடைக்கின்றன. பல கல்லூரிகளும் மாணவர்களுக்கு ஆஃபிஸ் தருகின்றன. திருட்டுப் பதிப்புக்குத் தேவையே இல்லை.

மெக்புக் எப்போது லாபம்?

மெக்புக் விலையைக் கேட்டாலே பலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். நியாயம்தான். ஆனாலும் வருடக் கணக்காகப் பார்த்தால் அது தோன்றுகிற அளவு ஆடம்பரமில்லை. 2020 நவம்பரில் வந்த, ஆப்பிளின் சொந்த எம்1 சில்லு உள்ள மெக்புக் ஏருக்கு 2025-ல் வந்த இயங்குதளப் பதிப்பான மெக்ஓஎஸ் டாஹோவும் கிடைத்தது. பேட்டரி நீண்ட நேரம் தாங்கும், அந்த மெக்புக் ஏரில் விசிறியே இல்லை, விற்கப் போனாலும் மற்றவற்றைவிட நல்ல விலை வரும். மாணவர்களுக்கு ஆப்பிள் கல்விச் சலுகை விலையும் தருகிறது.

எல்லா மெக்புக்குக்கும் இது பொருந்தாது. அதே 2020-ல் வந்த இன்டெல் செயலி உள்ள மெக்புக் ஏருக்கு டாஹோ கிடைக்கவில்லை. சில இன்டெல் மாடல்களுக்கு டாஹோ கிடைத்தாலும், இன்டெல் மெக்குகளுக்கு அதுவே கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் 2025 ஜூனிலேயே அறிவித்துவிட்டது. ஆக, ஒரே வருடம், ஒரே பெயர், ஒரே தோற்றம். ஒன்றுக்கு இன்னும் ஆயுள் இருக்கிறது, மற்றொன்றுக்கு முடிந்துகொண்டிருக்கிறது. ஆயிரம் வெள்ளிக்கு மெக்புக் என்று யாராவது விளம்பரம் போட்டிருந்தால் அது பெரும்பாலும் இரண்டாவது வகை. திரையின் மேல் மூலையில் உள்ள ஆப்பிள் சின்னத்தைத் தட்டி, முதல் வரியில் போனால் சில்லு எம்1, எம்2 என்று தொடங்குகிறதா, இன்டெல் என்று இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். விண்டோஸைப் போல முடிவுத் தேதியை ஆப்பிள் முன்கூட்டியே அறிவிப்பதும் கிடையாது. வழக்கமாகக் கடைசி மூன்று பதிப்புகளுக்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்ற அனுபவக் கணக்கை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம் பழுது. மெக்புக்கில் ரேமையும் சேமிப்பையும் பின்னால் கூட்ட முடியாது. பேட்டரியையும் ஒட்டி வைத்திருப்பார்கள். தேநீர் கொட்டினால் பலகையையே மாற்ற வேண்டி வரலாம், அந்தச் செலவில் நல்ல பழைய விண்டோஸ் கணினி ஒன்றை வாங்கிவிடலாம். நாட்டின் முதல் ஆப்பிள் ஸ்டோர் 2024 ஜூனில் திறக்கப்பட்டது கோலாலம்பூர் டிஆர்எக்ஸ் பேரங்காடியில். அங்கீகரிக்கப்பட்ட சேவை மையங்கள் மற்ற நகரங்களிலும் உண்டு, தோட்டப்புற டவுன்களில் இல்லை. ஒரு மாடலின் விற்பனை நின்று ஏழு வருடம் கடந்தால் ஆப்பிள் பொதுவாக அதற்கு உதிரிப் பாகம் தருவதில்லை.

படிப்பையும் பார்க்க வேண்டும். ஈப்போ உங்கு ஓமார் போலிடெக்னிக் போன்ற இடங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளை சாலிட்வொர்க்ஸ், ரெவிட் போன்றவற்றைப் பழக வேண்டி வந்தால் அவை விண்டோஸுக்கு மட்டுமே உள்ளவை. கணக்கியல் படித்துவிட்டு வேலைக்குப் போனால் அலுவலகத்தில் ஆட்டோகவுண்ட், எஸ்க்யூஎல் அக்கவுண்டிங் போன்ற விண்டோஸ் மென்பொருள்கள்தான் காத்திருக்கும். எம் வரிசை மெக்கில் இன்டெல் மெக்கைப்போல விண்டோஸைத் தனியாக நிறுவவும் வழியில்லை. காணொளித் தொகுப்பு, வடிவமைப்பு, இசை, ஆப் உருவாக்கம் என்றால் மெக் போட்ட காசுக்கு உழைக்கும். ஆகவே, படிப்பு உறுதியாகும் வரை கணினி வாங்க அவசரப்படாதீர்கள். எஸ்.பி.எம். முடிவு வந்த வாரமே ஓடிப்போய் வாங்குவதில் ஒரு பயனும் இல்லை. சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்ததும் துறையில் கேட்டு, என்ன மென்பொருள் வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்கலாம்.

குரோம்புக்

கூகிளின் குரோம்ஓஎஸ் இயங்குதளத்தில், பெரும்பாலும் இணையத்தை நம்பி ஓடும் மடிக்கணினி குரோம்புக். இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு அதைத் தாராளமாகப் பரிந்துரைப்பேன். இங்கே அது புதிதும் அல்ல. பள்ளிகளுக்கு இணையம் தந்த 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் காலத்திலேயே வந்துவிட்டது. 2021 முதல் வெளிவந்த குரோம்புக் தளங்களுக்குப் பத்து வருட அப்டேட் என்று கூகிள் 2023-ல் அறிவித்தது. மலிவான கணினிக்கு இவ்வளவு நீண்ட, எழுத்தில் உள்ள உத்தரவாதம் வேறெங்கும் இல்லை. ஆனால் அந்தப் பத்து வருடம் மாடலின் தளம் வெளிவந்த நாளிலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பழைய குரோம்புக்குகளில் பலவற்றுக்கு அந்தத் தேதி எப்போதோ கடந்துவிட்டது. அமைப்புகளில் அப்டேட் எதுவரை வரும் என்று மாதமும் வருடமும் தெளிவாகப் போட்டிருக்கும், பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இணையம் சரியாக இல்லாத லயத்து வீட்டில் குரோம்புக் பாதி பலம்தான். ஆவணங்களை இணையமில்லாமல் திருத்தலாம், மற்றபடி எல்லாம் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பியே ஓடும். விண்டோஸுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. அதன் பெரிய அப்டேட்டுகள் பல ஜிபி இருக்கும். ஹாட்ஸ்பாட்டை “அளவுள்ள இணைப்பு” (metered connection) என்று அமைப்புகளில் குறித்து வைக்காவிட்டால் மாத டேட்டா ஒரே இரவில் காலி.

தமிழில் எழுதுவது

ஒரு காலத்தில் இதுவே கணினித் தேர்வின் முதல் கேள்வியாக இருந்தது. முத்து நெடுமாறன் 1985-ல் உருவாக்கிய முரசு அஞ்சல், இந்நாட்டுத் தமிழாசிரியர்கள் பலருக்குக் கணினியில் கிடைத்த முதல் தமிழ். இன்று மெக்கிலும் விண்டோஸிலும் அஞ்சல், தமிழ்99 விசைமுறைகள் இயங்குதளத்தோடேயே வருகின்றன. குரோம்புக்கிலும் லினக்ஸிலும் தமிழ் உள்ளீடு உண்டு. ஆக, தமிழுக்காக ஒன்றைத் தள்ளி இன்னொன்றை வாங்க வேண்டியதில்லை. பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டெழுதிய கேள்வித்தாள்களும் சங்கக் குறிப்புகளும் வைத்திருப்பவர்கள் மட்டும், விண்டோஸ் கணினி ஒன்று கையில் இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

வருடத்துக்கு எவ்வளவு?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகள் கடைக்குக் கடை மாறும். இவை ஒப்பிட்டுப் பார்க்க நான் வைத்துக்கொண்ட எண்கள்தான். மலிவான புது விண்டோஸ் கணினி 1,700 வெள்ளி, மூன்று வருடம் ஓடுகிறது: வருடத்துக்கு 570 வெள்ளி. பத்தாம் தலைமுறைப் பழைய நிறுவனக் கணினி 1,300 வெள்ளி, இடையில் பேட்டரிக்கும் எஸ்எஸ்டிக்கும் 300 வெள்ளி, ஐந்து வருடம் ஓடுகிறது: வருடத்துக்கு 320. புது மெக்புக் ஏர் 4,400 வெள்ளி, ஏழு வருடம் கழித்து 800 வெள்ளிக்குப் போகிறது: வருடத்துக்கு 515 வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவு. குரோம்புக் 1,200 வெள்ளி, ஆறு வருடம்: 200.

கணக்கில் மெக்புக் மலிவான புது விண்டோஸை முந்திவிடுகிறது. அது உண்மைதான், பலர் நம்ப மறுக்கும் உண்மை. ஆனால் அந்த ஏழு வருடம் என்பது ஒரு விபத்தும் நடக்காத ஏழு வருடம். மூன்றாம் வருடம் பலகை போனால் வருடத்துக்கு 1,400 வெள்ளிக்கு மேல் ஆகிறது. 1,300 வெள்ளிக் கணினி அதே மூன்றாம் வருடம் போனால் இழப்பு தாங்கக்கூடியது. கையில் சேமிப்புள்ள குடும்பத்துக்கு மெக்புக்கின் கணக்கு சரிவரும். சம்பளத்துக்குச் சம்பளம் ஓட்டும் குடும்பத்துக்குச் சரிவராது. தவணையில் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: வட்டியோடு மொத்தம் எவ்வளவு கட்டுகிறோம் என்பதை மேலே உள்ள கணக்கில் சேருங்கள். தவணை முடியும் முன்னே கணினி முடிந்துவிடக் கூடாது. அப்பாவோ அம்மாவோ வருமான வரி கட்டுபவராக இருந்தால் அவர்கள் பெயரில் ரசீது வாங்கலாம். வாழ்க்கைமுறைக் கழிவாக வருடத்துக்கு 2,500 வெள்ளி வரை கோரும் பட்டியலில் கணினியும் உண்டு.

எந்த இயங்குதளமானாலும் இங்கே கணினியைக் கொல்வது வெப்பமும் ஈரமும் மின்னலும்தான். லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது. முழுச் சார்ஜில் நாள் முழுக்கச் செருகி வைப்பதும் ஆகாது. பல கணினிகளில் 80 விழுக்காட்டோடு சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, அதைப் போட்டுவிடுங்கள். துத்தநாகக் கூரையின் கீழ் மதிய வேளையில் மெத்தை மேல் வைத்து ஓட்டினால் அடியில் உள்ள காற்றுத் துவாரம் அடைபடும். மாலையில் இடி முழங்கத் தொடங்கியதும் சார்ஜரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. வாங்கும்போதே யூஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறும் மாடலாகப் பார்த்து வாங்கினால், சார்ஜர் போனாலும் மாற்றுக் கிடைப்பது சுலபம்.

இனி, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் அந்த ஏழாம் தலைமுறைக் கணினி. அதைத் தூக்கிப் போட வேண்டாம். லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளம் இலவசம். 2024-ல் வந்த மின்ட் 22-க்கு 2029 வரை அப்டேட் உண்டு. 4 ஜிபி ரேமிலும் ஓடும், 8 இருந்தால் சுகமாக ஓடும், தோற்றமும் பழைய விண்டோஸுக்குப் பழகியவர்களை மிரட்டாது. உலாவி, லிப்ரே ஆஃபிஸ், ஸூம் எல்லாம் ஓடும். மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸை உலாவியில் திறந்துகொள்ளலாம். தங்கையின் பள்ளிப் பாடங்களுக்கும் அம்மாவின் வங்கி வேலைக்கும் அது தாராளம். முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பிறகு 8 ஜிபி பென்டிரைவில் மின்ட்டை ஏற்றி, நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபையும் ஒலியும் பிரிண்டரும் வேலை செய்தால் நிறுவிவிடலாம்; செய்யாவிட்டால் பென்டிரைவை எடுத்துவிட்டு மறுபடி தொடக்கினால் பழைய விண்டோஸ் அப்படியே இருக்கும்.